முற்றும் என்று எழுதும் கை



சரியான நேரத்தில் முடிந்த தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொடர்கள் தொடங்குவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. சுவரொட்டி ஒட்டுகிறார்கள், முன்னோட்டம் போடுகிறார்கள். முடிவதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஒரு கதை எங்கே நிற்க வேண்டும்? நிறுத்துவது யார் கை? இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். என் அம்மா வார இதழ்களில் வரும் தொடர்கதைகளைச் சேர்த்துவைப்பார். இந்த அரங்கில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கும். இதழின் நடுவில் அடித்திருக்கும் கம்பியை அரிவாள்மணை நுனியால் மெல்ல நிமிர்த்துவார். கதை வந்த தாளை மட்டும் உருவி எடுப்பார். கம்பியைப் பழையபடி மடக்கிவிடுவார். எடுத்த தாள்களை வரிசையாக அடுக்கி டிரங்குப் பெட்டியில் வைப்பார். ஒவ்வொரு வாரத் தாளின் கடைசியிலும் 'தொடரும்' என்று இருக்கும். என்றாவது ஒரு நாள் 'முற்றும்' என்று வரும். அன்று மாலைதான் கோணி ஊசியும் சணல் நூலும் வெளியே வரும். அடுப்பில் மைதாப் பசை கொதிக்கும். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, கதையின் பெயரை மேலே எழுதி, பலகைக்கு அடியில் வைத்து மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுவார். காலையில் எடுத்தால் புத்தகம்!

"பாதி வந்ததுமே தைச்சுட்டா என்னம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "மீதிப் பக்கத்தை எங்கேடா வைக்கிறது?" என்றார். முற்றும் வராத கதையைத் தைக்க முடியாது. எனக்குக் கதைகளைப் பற்றிக் கிடைத்த முதல் பாடம் அது.

பொன்னியின் செல்வனை நினைத்துப் பாருங்கள். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு, வாரம் தவறாமல் வந்த கதை. இன்னும் மூன்றரை ஆண்டு எழுதியிருந்தாலும் வாசகர்கள் படித்திருப்பார்கள். கல்கி நிறுத்தினார். திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லித் தனியாக ஒரு முடிவுரையே எழுதினார். அந்த முடிவுரையையும் சேர்த்துத்தான் இன்று வரை அச்சிடுகிறார்கள். தொடரும் என்று எழுதிய கைக்கே முற்றும் என்று எழுதும் உரிமையும் இருந்த காலம் அது.

சரி, தொலைக்காட்சிக்கு வருவோம். ஒரு தொடர் என்பது என்ன? ஒரு கேள்வி. இந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்குமா? இந்த மனிதன் எவ்வளவு தூரம் கெட்டுப்போவான்? கேள்விக்கு விடை வரும் வரை கதைக்கு உயிர் இருக்கிறது. விடை வந்த பிறகும் ஓடினால் ஓடுவது கதையா? விடை வருவதற்கு முன்பே வெட்டினால் அது நியாயமா?

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரை உங்களில் இளைஞர்கள் பார்த்திருப்பீர்கள். வின்ஸ் கில்லிகன் உருவாக்கியது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி என்ற ஊர். வால்டர் ஒயிட் என்ற வேதியியல் ஆசிரியர். ஐம்பது வயது. நுரையீரலில் புற்றுநோய், வைத்தியம் பார்த்தாலும் இரண்டு ஆண்டு என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். குடும்பத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். கவனியுங்கள் நண்பர்களே! கதையின் முதல் நாளிலேயே முடிவு நாள் குறித்தாகிவிட்டது. 2008-இல் தொடங்கி 2013-இல் முடிந்தது, ஐந்து சீசன், 62 எபிசோட். நமக்கு ஐந்து வருடம் ஓடினாலும் கதைக்குள் ஓடியது ஏறத்தாழ இரண்டு ஆண்டுதான்.

அந்தத் தொடர் எழுப்பிய கேள்வி எது? வால்டர் சாவாரா என்பது இல்லை. சாவார் என்று நமக்கு முதலிலேயே தெரியும். குடும்பத்துக்காக, குடும்பத்துக்காக என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறாரே, அது உண்மையா? இதுதான் கேள்வி. கடைசி எபிசோடில், ஒரு சின்னச் சமையலறையில், மனைவி முன்னால் நின்று ஒப்புக்கொள்கிறார்: எனக்காகத்தான் செய்தேன், எனக்கு அது பிடித்திருந்தது. துப்பாக்கி, தோட்டா எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. என்னைப் பொறுத்தவரை கதை அந்தச் சமையலறையிலேயே முடிந்துவிட்டது. புகழின் உச்சியில் இருந்தபோது, இன்னும் நான்கு சீசன் ஓட்டலாம் என்ற நிலையில், அந்த விடையோடு நிறுத்தினார்கள்.

இப்போது கடல் தாண்டி இங்கிலாந்து போவோம். 'ஃபால்டி டவர்ஸ்'. டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் ஒரு ஓட்டல். அதை நடத்தும் பேசில் ஃபால்டி என்ற முன்கோபக்காரர். விருந்தாளிகளைக் கண்டாலே எரிந்து விழுவார். அவரை அடக்கும் மனைவி சிபில். எது சொன்னாலும் ஒன்று கிடக்க ஒன்று புரிந்துகொள்ளும் ஸ்பானிய சர்வர் மானுவல். எழுதியவர்கள் ஜான் கிளீஸ், கானி பூத். இரண்டு பேருமே அதில் நடித்தார்கள். 1975-இல் ஆறு எபிசோட். 1979-இல் இன்னும் ஆறு. அவ்வளவுதான்! மொத்தம் 12. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு தாண்டுவதற்குள் முழுவதையும் பார்த்துவிடலாம்.

அந்தப் பன்னிரண்டுக்கு என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நூறு சிறந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது, முதல் இடம் இதற்கு. பல்லாண்டுகள் ஓடிய தொடர்களெல்லாம் பின்னால் நின்றன. கடைசி எபிசோடில் மானுவல் ஒரு எலியை வளர்க்கிறான். அதை உயர்ந்த ஜாதி வெள்ளெலி என்று நம்பி வாங்கி வந்துவிட்டான். சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார், எலி ஓட்டலுக்குள் ஓடுகிறது. அந்த அரைமணி நேரத்தில் ஒரு வசனத்தை உருவிப் பாருங்கள், மொத்தமும் சரியும். அப்படி நெய்ய மாதக்கணக்கில் உட்கார வேண்டும். தினம் ஒன்று கொடு என்றால் யாரால் முடியும்?

ஏன் அங்கே பன்னிரண்டோடு நிறுத்த முடிந்தது? அதை ஒளிபரப்பிய பிபிசி ஓடுவது மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில். விளம்பரதாரர் வந்து இன்னும் கொடு என்று கேட்கும் இடம் அது இல்லை. அமெரிக்காவில் கணக்கு வேறு. நூறு எபிசோடைத் தொட்டால்தான் பழைய எபிசோடுகளை ஊர் ஊராக மறு ஒளிபரப்புக்கு விற்று லாபம் பார்க்கலாம் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். அந்த ஊரிலும் ஒரு மனிதர் போதும் என்றார். 'சைன்ஃபெல்ட்' தொடரின் ஜெரி சைன்ஃபெல்ட். ஒன்பதாவது சீசனில் அவர் தொடர்தான் நாட்டிலேயே முதலிடம். பத்தாவது சீசனுக்கு எபிசோடுக்கு 50 லட்சம் டாலர் தருகிறோம் என்றது சேனல். வேண்டாம் என்றார். மேடையில் நின்று சிரிக்கவைத்துப் பழகியவருக்கு, கைதட்டல் முழுசாக இருக்கும்போதே இறங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. 1998 மே 14 அன்று ஏழரைக் கோடிப் பேர் பார்க்கத் தொடர் முடிந்தது. அந்தக் கடைசி எபிசோட் பலருக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் சரி, அன்று சொன்ன கதைதான் சரியில்லை என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் வாதாடுகிறார்கள் அல்லவா!

நம் பக்கம் திரும்புவோம். நம் தொடர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் ஒரு தகப்பனின் கதையாக 'மெட்டி ஒலி' வந்தபோது, எண்ணூறு எபிசோட் தாண்டியும் அது நம் வீட்டுக் கதையாகத்தான் இருந்தது. தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 'ரகசியம்' என்று ஒரு கதை. அது முடிந்தது. 'விடாது கருப்பு' என்று இன்னொரு கதை. அதுவும் முடிந்தது. தலைப்பு தொடர்ந்தது, கதைகள் தனித்தனியே முற்றின. குதிரைக் குளம்பொலியைக் கேட்டுப் போர்வைக்குள் நடுங்கிய பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்கள் தம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல முடிகிறது. அந்தம் இருப்பதால் முடிகிறது.

பின்னே ஏன் நம்முடைய பல தொடர்கள் முடிய மறுக்கின்றன? ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு வீடு செட் தயாராக இருக்கிறது. நடிகர்களின் கால்ஷீட் இருக்கிறது. விளம்பரம் இருக்கிறது. எட்டு மணி ஆனால் அந்த சேனலை வைக்கும் பழக்கம் பார்ப்பவர் கைக்கு இருக்கிறது. புதுத் தொடருக்கு இவை எல்லாவற்றையும் முதலிலிருந்து உண்டாக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தொடர் நின்றால் லைட்மேன், மேக்கப்மேன், சாப்பாடு பரிமாறுபவர் என்று தினக்கூலியை நம்பிய எத்தனையோ வீடுகளில் அன்றைக்கு வேலை போகிறது. இழுக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வருத்தம் உண்டு.

ஆனால் இழுப்பதால் எழுதுபவனுக்கு என்ன ஆகிறது? என் நண்பர் ஒருவர் தொடர்களுக்கு வசனம் எழுதுபவர். அண்ணன் ஏமாற்றிப் பறித்துக்கொண்ட வீட்டை ஒரு தங்கை மீட்கும் கதை எழுதினார். கடைசி சீனைத்தான் முதலில் எழுதினார். அந்தப் பெண் பழைய சாவியைப் பூட்டில் போடுகிறாள். துருவேறிய பூட்டு. திறந்துவிடுகிறது. ஆனால் மழையில் ஊறி உப்பிய கதவு நகர மறுக்கிறது. தோளைக் கொடுத்துத் தள்ளுகிறாள். உள்ளே இருட்டு. அவள் ஸ்விட்சைத் தேடவில்லை, அவள் கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது. பிறந்த வீடல்லவா! இருநூறாவது எபிசோடில் இந்த சீன் வர வேண்டும். டி.ஆர்.பி. நன்றாக இருந்தது. இன்னும் ஆறு மாதம் கொண்டுபோங்கள் என்றார்கள். சாவி தொலைந்தது. போலிச் சாவி வந்தது. அந்தப் பெண் ஜெயிலுக்குப் போனாள். வெளியே வந்து ஞாபகத்தை இழந்தாள். ஆறு மாதம் ஒரு வருடமாகி, இரண்டு வருடமானது. பார்ப்பவர்கள் சலித்துப்போனார்கள், புள்ளிகள் இறங்கின. ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள் என்று ஒரு போன் வந்தது. அந்த வாரம் கதாநாயகிக்கு வேறு இடத்தில் ஷூட்டிங். வீடு கிடைத்துவிட்டது என்று இரண்டு பேர் வாசலில் நின்று பேசிக்கொள்வதோடு கதையை முடித்தார்கள். அந்த சீன் பேப்பரை நண்பர் எனக்குக் காட்டினார். நான்காக மடித்துப் பையில் வைத்திருக்கிறார். மடிப்பு இருக்கும் இடத்தில் எழுத்து அழிந்துவிட்டது. 'கை தானாகப் போகிறது' என்ற வரியை மட்டும் மேலே மறுபடி எழுதியிருக்கிறார்.

நண்பர்களே, நீளமாக ஓடியும் முடிவால் நிலைத்த ஒரு தொடரைச் சொல்கிறேன். 'மாஷ்'. கொரியப் போர்முனையில் ஒரு கூடார ஆஸ்பத்திரி, அங்கே வேலை பார்க்கும் அமெரிக்க டாக்டர்கள், நர்சுகள். 1972-இல் தொடங்கி 1983-இல் முடிந்தது. அந்தப் போர் நடந்தது மூன்று ஆண்டு, தொடர் நடந்தது பதினொரு ஆண்டு! நடிகர்கள் தலை நரைத்தது, போர் முடியவில்லை. இரண்டு வருடம் முன்பே முடித்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் 1983 பிப்ரவரி 28 அன்று அவர்கள் முடித்த விதத்தைப் பாருங்கள்.

ஹாக்கை என்ற டாக்டர். பதினொரு வருடம் வேடிக்கைப் பேச்சால் நம்மைச் சிரிக்கவைத்தவர். கடைசி எபிசோட் தொடங்கும்போது மனநல விடுதியில் இருக்கிறார். மருத்துவர் கேட்கக் கேட்க ஒரு பஸ் பயணம் நினைவுக்கு வருகிறது. வழியில் ஊர்மக்களை ஏற்றிக்கொள்கிறார்கள். எதிரிப் படை நடமாடும் இடம். விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். பின்சீட்டில் ஒரு பெண்ணின் மடியில் கோழி கத்துகிறது. அதை அடக்கு என்று ஹாக்கை சீறுகிறார். அவள் அடக்குகிறாள். சத்தம் நின்றுபோகிறது. நினைவு இன்னும் தெளிகிறது. அது கோழி இல்லை. அவள் பெற்ற குழந்தை.

பதினொரு வருடச் சிரிப்பு எதை மூடி வைத்திருந்தது என்று அந்த இரவு தெரிந்தது. போர் ஒரு மனிதனை என்ன செய்யும்? தொடரின் கேள்வி அதுதானே? இன்னொரு டாக்டர், இசைப்பித்தர், சீனக் கைதிகள் சிலருக்கு மோட்சார்ட்டின் ஒரு இசையை அரும்பாடுபட்டுக் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் குண்டுக்கு இரையாகிறார்கள். அவர் கூடாரத்துக்கு வந்து அந்த இசைத்தட்டை உடைக்கிறார். ஊர் போனால் போதும் என்று பதினொரு வருடம் துடித்த கிளிங்கர், காதலித்த பெண்ணுக்காகக் கொரியாவிலேயே தங்கிவிடுகிறார். போர் நின்று எல்லோரும் கலைகிறார்கள். ஹாக்கையின் தோழர் பி.ஜே. மட்டும் கடைசி வரை விடைபெறும் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறார். ஹாக்கையின் ஹெலிகாப்டர் மேலே எழும்புகிறது. கீழே தரையில், வெள்ளைக் கற்களை அடுக்கி, அந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார் பி.ஜே. மேலிருந்து பார்த்தால்தான் படிக்க முடியும். போகிறவன்தான் படிக்க முடியும்!

பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். அந்த ஆண்டே, அதே நடிகர்களில் மூன்று பேரை வைத்து, போருக்குப் பிந்தைய கதை என்று இன்னொரு தொடர் தொடங்கினார்கள். இரண்டு சீசனில் அடங்கிப்போனது. கற்களால் எழுதிய பிறகு சொல்ல என்ன பாக்கி இருந்தது?

இதுவரை எழுதுபவனின் உரிமை என்றே பேசிவந்தேன். இங்கே என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். பார்ப்பவனுக்கு உரிமை இல்லையா?

1987 ஜனவரி 25. ஞாயிறு காலை ஒன்பதரை. தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்'. எங்கள் தெருவில் டி.வி. இருந்த ஒரே வீடு பக்கத்து வீடு. ஒருவருக்கும் இந்தி தெரியாது. யாருக்கு இந்தி வேண்டும்? கதைதான் தெரியுமே! அம்மா குளித்துவிட்டுத்தான் போவார். ஒன்றரை ஆண்டு, 78 எபிசோட். 1988 ஜூலை 31 அன்று பட்டாபிஷேகம். அம்மா வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தார். கம்பர் ஆறு காண்டத்தோடு, பட்டாபிஷேகத்தோடு நிறுத்தினார். உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்று சொல்வார்கள். நம் வீடுகளில் பாராயணமும் பட்டாபிஷேகத்தோடு நிறைவடையும். அதற்கு மேல் சீதையைக் காட்டுக்கு அனுப்பும் கதையைப் படிக்க மனம் வராது.

அதே நாட்களில் பஞ்சாபில், ஜலந்தரில், துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வடக்கே வேறு ஊர்களிலும் பரவியது. கூலிக்காக இல்லை. ராமாயணத்தைத் தொடரச் சொல்லி! அவர்கள் வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் மக்கள். உத்தர காண்டத்தில்தானே வால்மீகிக்குக் கதைக்குள் பெரும் பங்கு இருக்கிறது? கைவிடப்பட்ட சீதைக்கு இடம் கொடுத்து, அவள் பிள்ளைகளுக்குக் கதையைக் கற்றுத்தருகிறார். அரசு இணங்கியது. அந்த ஆண்டே லவ குசர் கதை ஒளிபரப்பாகத் தொடங்கியது.

முதலில் இதைப் படித்தபோது, நன்றாக முடிந்த கதையைக் கிளறிவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். சேனல் கேட்டு நீட்டுவதும் இதுவும் ஒன்றா? அவர்கள் கேட்டது இன்னும் கொஞ்சம் பொழுதுபோக்கா? கதை பாடியவரையே வெளியே நிறுத்திவிட்டுக் கதை முடிந்தது என்கிறீர்களே என்று கேட்டார்கள். அவர்களுடைய கேள்விக்கு விடை வந்திருக்கவில்லை. அவர்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இன்னும் தைக்கப்படவில்லை.

லவ குசர் கதை தொடங்கிய அன்று பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, மறுபடியும் ராமாயணம் போடுறாங்க, வாங்க" என்றாள். "நீ பாரு கண்ணு. எனக்குப் பட்டாபிஷேகத்தோட முடிஞ்சுபோச்சு" என்றார் அம்மா. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் போகவில்லை. அந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் மட்டும் வரும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த இரண்டு பிள்ளைகளும் ராமன் சபையில் நின்று, ராமன் கதையை ராமனுக்கே பாடும் நாள். குழந்தைக் குரல்கள் எங்கள் திண்ணை வரை வந்தன. அம்மா பூவையும் நாரையும் முறத்தில் போட்டுவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டு வாசற்படி வரை போனார். உள்ளே நுழையவில்லை, உட்காரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார். நானும் பின்னால் நின்றேன். பாட்டு முடிந்ததும், "அடுப்பில் பால் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.